டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பழங்கோட்டை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சிங்கப்பூர்ச் சாலைப் பெயர்களைப் பற்றி எழுதியபோது, தேக்காவுக்குச் செல்லும் நாமெல்லோரும் கால் பதிக்கும் டன்லப் ஸ்திரீட்டின் பெயரில் உள்ள ‘டன்’ என்னும் முற்பகுதி, கோட்டை என்றும் குன்று என்றும் பொருள்படும் ‘டூனோம்’ என்ற தொல்கெல்டிக் (அயர்லாந்து, வேல்ஸ் முதலிய மொழிகளின் பழந்தாய்) சொல்லின் வழிவந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளை விட்டுவிட்டு வாசகர்கள் அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டார்கள். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருப்பதால், இம்மாதப் பகுதியை முழுவதும் அந்தச் சொல்லுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: தாங்கள் குறிப்பிட்ட சொல்லை அகராதியில் தேடிப் பார்த்தேன். அதன் தலையில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தது. அப்படிப் போட்டால் அந்தச் சொல் எந்த ஏட்டிலும் கல்லிலும் எழுதப்பட்டுக் கிடைக்கவில்லை என்று பொருளாம். எழுதிவைக்கப்படாத சொல்லை இருந்ததாகச் சொல்வது ஊகந்தானே? நான் முப்பது ஆண்டுகள் கணக்குத் தணிக்கை செய்தவன். ரசீது இல்லாத செலவை ஏற்றுக்கொண்டதில்லை.
— ஈசூன் வாசகர்

பதில்: தணிக்கையாளரின் ஐயம் நியாயமானது. அந்த உடுக்குறி ‘இதற்கு நேரடி ரசீது இல்லை’ என்று மொழியியலார் தாங்களே ஒட்டிவைக்கும் சீட்டுத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் ஷ்லைகர் அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவரே மீட்டெடுத்த சொற்களை மட்டும் கொண்டு 1868-இல் ஓர் ஆட்டுக் கதை எழுதிப் பார்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எச்சரிக்கைச் சீட்டைக் கண்டுபிடித்தவருக்கே கொஞ்சம் துணிச்சல் அதிகம்.

இனி ரசீதுக்கு வருவோம். அயர்லாந்து மொழியில் கோட்டைக்கு ‘டூன்’ என்பது பெயர். வேல்ஸ் மொழியின் பழைய ஊர்ப்பெயர்களில் அதே பொருளில் ‘டீன்’ வருகிறது. நகரத்தைக் குறிக்கும் ‘டினாஸ்’ என்ற இன்றைய வேல்ஸ் சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. ஒன்றில் ஊகாரம், மற்றதில் ஈகாரம். இந்த ஒரு சோடியை மட்டும் காட்டி இரண்டும் ஒன்று என்று நான் சொன்னால், தாங்கள் என் கணக்கைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஆனால் முழங்காலுக்கு அயர்லாந்தில் ‘க்ளூன்’, வேல்ஸில் ‘க்ளீன்’. மறைபொருளுக்கு அங்கே ‘ரூன்’, இங்கே ‘ரீன்’. முதுகு அல்லது பின்புறத்துக்கு அங்கே ‘கூல்’, ஒதுக்குப்புறத்துக்கு இங்கே ‘கீல்’. நாய்க்கு அங்கே ‘கூ’, இங்கே ‘கீ’. ஒரு மொழியில் ஊகாரம் இருக்கும் இடங்களில் மற்றதில் ஈகாரம் வரிசையாக வந்து நிற்கிறது. முழங்காலும் நாயும் கோட்டையும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு இப்படி மாற முடியாது. சொற்களைப் பார்க்காமல் ஒலியை மட்டுமே பார்த்துச் செல்லும் மாற்றம் ஒன்று வேல்ஸ் மொழியின் முன்னோரிடத்தில் நடந்திருக்கிறது.

இந்த வகை ஒழுங்கு நமக்குப் புதிதன்று. பால் என்பதைக் கன்னடர் ‘ஹாலு’ என்கிறார்கள். புலி அவர்களுக்கு ‘ஹுலி’, பல் ‘ஹல்லு’, பத்து ‘ஹத்து’. நான்கைந்து சொற்களைக் கேட்டவுடனே ஒரு குழந்தைகூட நம் பகரத்துக்கு அங்கே ஹகரம் என்று கண்டுகொள்ளும். பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அந்தச் சொற்கள் பகரத்தோடே இருப்பதால், மாறியது கன்னடம் என்பதும் தெரிகிறது. கல்வெட்டே கிடைக்காமல் போயிருந்தாலும், தமிழையும் மலையாளத்தையும் தெலுங்கையும் பக்கத்தில் வைத்து அந்தப் பகரத்தை நாம் மீட்டெடுத்திருப்போம். அப்போது அதன் தலையில் ஓர் உடுக்குறி இருந்திருக்கும், அவ்வளவே.

வடமொழிக்கும் லத்தீனுக்கும் தூரத்து உறவினரான கெல்டிக் மொழிகள் பகரத்தின் மீது இன்னும் கடுமையாக நடந்துகொண்டன. கன்னடம் அதை ஹகரமாக மெலித்தது என்றால், அவை அதைச் சொல்முதலிலிருந்து அடியோடு நீக்கிவிட்டன. வடமொழிப் ‘பிதா’வும் லத்தீனின் ‘பாத்தெர்’ என்பதும் அயர்லாந்து மொழியில் ‘அஹிர்’. லத்தீனில் மீனுக்கு ‘பிஸ்கிஸ்’, அயர்லாந்தில் ‘ஈயஸ்க்’. ஒரு மொழி கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்ததா என்று பார்க்க ஆய்வாளர் முதலில் தேடும் அடையாளங்களுள் இந்தப் பகர இழப்பும் ஒன்று.

தங்கள் கேள்விக்கான நேரடி ரசீதுக்கு மிக அருகில் வருவது பிரான்சின் பழைய மொழியான காலிஷ். ரோமானியர் அம்மக்களின் ஊர்ப்பெயர்களை லத்தீன் வேடம் பூட்டி எழுதிவைத்தார்கள். கி.மு. 43-இல் ரோமானியக் குடியேற்றமாக அமைக்கப்பட்ட லியோன் நகரம் அவர்கள் ஏட்டில் ‘லுக்டூனும்’. 1916-ஆம் ஆண்டுப் போரால் உலகறிந்த வெர்டன், ‘விரோடூனும்’. இங்கிலாந்தின் கோல்செஸ்டர், ‘கமுலோடூனும்’. சுவிட்சர்லாந்தின் நியோன் ஏரிக்கரை ஊரும், ருமேனியாவில் டான்யூப் கரையிலுள்ள ஒரு கோட்டையும் ஒரே பெயரைத் தாங்கி ‘நோவியோடூனும்’ என்று வழங்கின. அதன் பொருளைத் தமிழில் சொன்னால் நம்மில் பலருக்குச் சொந்த ஊராகிவிடும்: புதுக்கோட்டை.

அயர்லாந்தின் டூன், வேல்ஸின் டீன், காலிஷின் டூனும் ஆகிய மூன்றும் எந்த வடிவத்திலிருந்து கிளைத்திருந்தால் ஒலி மாற்றங்கள் இடறாமல் நடக்கும் என்று பார்த்தால் கிடைப்பதே டூனோம். இதை ஊகம் என்று சொல்வதைவிட, மூன்று கிளைகளின் பேரேடுகளை ஒப்பிட்டுத் தலைமை அலுவலகத்தின் தொலைந்துபோன பேரேட்டை எழுதிப் பார்ப்பது என்று சொன்னால் தாங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என நினைக்கிறேன்.

கேள்வி: கோட்டை என்றும் சொல்கிறீர்கள், குன்று என்றும் சொல்கிறீர்கள். கோட்டை மனிதன் கட்டுவது; குன்று தானாக நிற்பது. ஒரு சொல்லுக்கு இரண்டும் எப்படிப் பொருந்தும்? முப்பது வருடம் தமிழ் வகுப்பில் ‘பொருள் ஒன்று சொல்’ என்று பிள்ளைகளைக் கேட்டுப் பழகியவள் கேட்கிறேன்.
— புக்கிட் பாத்தோக் வாசகி

பதில்: ஆசிரியை அவர்களே, தாங்கள் ஒரு சனிக்கிழமை மாலை ஃபோர்ட் கேனிங் படிகளில் ஏறிப் பாருங்கள். அந்த இடத்துக்கு மலாய்ப் பெயர் புக்கிட் லாராங்கான், தடைசெய்யப்பட்ட குன்று. ராஃபிள்ஸ் 1823 வாக்கில் அதன் மேல் தமக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார். ஆளுநர்கள் குடியிருந்ததால் ஆங்கிலேயர் அதை அரசாங்கக் குன்று என்றார்கள். 1859-இல் வீட்டை அகற்றிக் கோட்டை கட்டத் தொடங்கி, அப்போதைய இந்தியத் தலைமை ஆளுநர் கேனிங்கின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பிறகு அந்தக் கோட்டையையும் பெரும்பாலும் இடித்து நீர்த்தேக்கம் கட்டினார்கள். இன்று எஞ்சியிருப்பது ஒரு பழைய வாயிலும், சுவரின் ஒரு துண்டும், காட்சிக்கு வைத்த பீரங்கிகளுந்தான். நான் சென்ற அன்று அந்த வாயிலின் கனத்த கதவருகே திருமணப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சீனத் தம்பதியர், புகைப்படக்காரர் சொன்னதற்கேற்ப அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கைப்பேசியில் யாரிடமோ மணமகனின் தோழர் சொன்னது காதில் விழுந்தது: “நாங்கள் ஃபோர்ட் கேனிங் மேலே இருக்கிறோம்.” மேலே என்றால் கோட்டையின் மேலேயா, குன்றின் மேலேயா? கோட்டை போய்விட்டது, அதன் பெயர் குன்றின் மேல் படிந்துவிட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் நம் கண்முன்னே நடந்தது இது.

டூனோம் கடந்துவந்த பாதையும் இதுவே. இரும்புக் காலத்து ஐரோப்பாவில் அரண் அமைப்போர் மேட்டு நிலத்தைத் தேடினார்கள். மண்ணணையும் மர வேலியும் கல்லும் கொண்டு குன்றின் உச்சியைச் சுற்றி வளைத்தார்கள். அரணும் அது நின்ற மேடும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. கி.மு. 51-இல் சீசரின் படை காலிஷ் மக்களின் கடைசிப் பெரும் எதிர்ப்பை முறியடித்த இடத்தின் பெயர் ‘உக்ஸெல்லோடூனும்’, அதாவது உயர்ந்த அரண். ஸ்காட்லாந்தின் டம்பார்டன், கிளைட் ஆற்றங்கரையில் செங்குத்தாக எழும் எரிமலைப் பாறை; பிரித்தானியரின் கோட்டை என்பது அப்பெயரின் பொருள். திருச்சியில் மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாறையை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு பொருளில் எது மூத்தது என்று கேட்டால், கோட்டைதான் என்பது என் கருத்து. அயர்லாந்தும் வேல்ஸும் அதைத்தான் காத்துவைத்திருக்கின்றன. டானிகால் என்ற அயர்லாந்து மாவட்டப் பெயருக்கு ‘அந்நியரின் கோட்டை’ என்று பொருள். குன்று என்ற பொருளுக்கும் பழைய சான்று உண்டு. காலிஷ் சொற்கள் சிலவற்றுக்கு லத்தீனில் பொருள் தரும் சிறு பட்டியல் ஒன்று வியன்னாவின் கையெழுத்துச் சுவடி ஒன்றில் கிடைத்தது. அதைக் கண்டு வெளியிட்டவரின் பெயரால் எண்ட்லிஹர் சொற்பட்டியல் என்கிறார்கள். அது லியோனின் பெயரை விளக்கும்போது, டூனும் என்றால் மலை என்று எழுதிவைத்திருக்கிறது. ஆனால் அதே வரியில் பெயரின் முற்பகுதிக்கு ‘விரும்பப்பட்ட’ என்று பொருள் சொல்லித் தடுமாறுகிறது. அது லுகுஸ் என்ற கெல்டிக் தெய்வத்தின் பெயர் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்வது. பாதி சரியாகவும் பாதி தவறாகவும் விடை எழுதும் மாணவரைத் தாங்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்! அந்தப் பட்டியலுக்கு நானும் பாதி மதிப்பெண்ணே தருகிறேன். ஆயினும், எழுதியவர் காலத்தில் அச்சொல் கேட்பவர் மனத்தில் மலையாகவும் நின்றது என்பதற்கு அது போதும்.

கேள்வி: நான் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து டவுன்டவுன் வழித்தட ரயிலில் தொடக்கக் கல்லூரிக்குப் போகிறேன். ‘டவுன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இந்தக் கெல்டிக் கோட்டையிலிருந்து வந்தது என்று என் வகுப்புத் தோழி சொல்கிறாள். உண்மையா, சார்?
— தொடக்கக் கல்லூரி மாணவி

பதில்: எந்த டவுன் அம்மா? ஊர் என்னும் டவுனா, கீழே என்னும் டவுனா? ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. வியப்பு என்னவென்றால், நம் எழுத்தின் இந்தக் குறைபாடு தற்செயலாக ஒரு பழைய உறவைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தோழி சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் இரண்டு டவுனும் இரண்டு வழியாக வந்தவை.

ஒலியைப் பிரித்துப் பேச வசதியாக, ‘பட்டு’ என்னும்போது வரும் வன்மையான டகரத்தைப் பட்டு-டகரம் என்றும், ‘வண்டு’ என்னும்போது வரும் மெலிந்த டகரத்தை வண்டு-டகரம் என்றும் வைத்துக்கொள்வோம். ஊரைக் குறிக்கும் டவுன் பட்டு-டகரத்தில் தொடங்குகிறது. கீழே என்பது வண்டு-டகரத்தில்.

கீழே என்பதை முதலில் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் குன்று. முதல் ஒலி வண்டு-டகரம். லண்டனுக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் சுண்ணாம்புக் குன்றுகளை இன்றும் சவுத் டவுன்ஸ் என்கிறார்கள். கீழே என்று பெயர் வைத்துக்கொண்டு மேலே நிற்கும் குன்றுகள் என்று பயணிகள் வேடிக்கை பேசுவதுண்டு. குன்றிலிருந்து இறங்கி வந்ததைப் பழைய ஆங்கிலேயர் ‘ஆஃப் டூனே’ என்றார்கள், ‘குன்றினின்று’ என்பதுபோல. வாய்வழக்கில் முன்னிருந்த உருபு தேய்ந்து ‘அடூனே’ ஆகி, பிறகு அதுவும் கழன்று, குன்றின் பெயர் மட்டும் தனித்து நின்று, ஏறியிருந்த இடத்தை விட்டு இறங்கும் திசைக்கே பெயராகிவிட்டது. கடற்கரை மணல்மேட்டைக் குறிக்கும் ‘டியூன்’ என்ற சொல் இதன் உறவினர். டச்சு மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இந்தக் குன்றுச் சொல்லை ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் முதலிய ஜெர்மானிய மொழிகள் கெல்டிக்கிடம் கடன் வாங்கினவா, இரண்டும் ஒரே பாட்டியிடம் பெற்றனவா என்பதில் அறிஞர் இன்னும் இரண்டு அணியாகத்தான் இருக்கிறார்கள்.

ஊர் என்னும் டவுனின் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அது வேலியடைத்த இடம், பண்ணைவீடு. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பான ‘த்சவுன்’ வேலியையே குறிக்கிறது. டச்சில் அதன் உடன்பிறப்புக்குத் தோட்டம் என்று பொருள். வேலி, வேலிக்குள் தோட்டம், வேலிக்குள் வீடு, பல வீடு சேர்ந்து ஊர். கம்பத்து வீடுகளைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டால் வேலியில் தொடங்கித்தான் வீட்டைச் சொல்வார்கள்.

இனி அந்தப் பட்டு-டகரம். கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களை அறிவாய். மூத்தவரான யாக்கோப் கிரிம் 1822-இல் ஓர் ஒலி விதியை விரிவாக விளக்கினார்: வடமொழி, லத்தீன், கெல்டிக், ஜெர்மானியம் ஆகியவற்றின் பொது மூதாதையான பழைய மொழியில் வண்டு-டகரமாக இருந்தது ஜெர்மானியக் கிளையில் பட்டு-டகரமாக வன்மையடைந்தது. வடமொழியில் மெல்லிய ஒலியோடு தொடங்கும் ‘தசம்’ ஆங்கிலத்தில் ‘டென்’ ஆனதும், ‘துவி’ ‘டூ’ ஆனதும் இதனால்தான். இந்த மாற்றம் கி.மு. முதல் ஆயிரமாண்டில் நடந்து முடிந்தது. அது முடியும் முன்பே கெல்டிக் மக்களிடமிருந்து டூனோம் என்ற சொல்லை அண்டை ஜெர்மானியர் வாங்கியிருந்தால், தங்கள் சொந்தச் சொற்களோடு சேர்ந்து அதுவும் வன்மையடைந்து பட்டு-டகரத்துக்கு மாறியிருக்கும். கிடைப்பதும் அப்படியேதான்.

இப்படிக் கடன் வாங்கியது உண்டா என்று நீ கேட்க வேண்டும். உண்டு, அதற்கு ஓர் உறுதியான சாட்சி இருக்கிறது. அரசனுக்கு லத்தீனில் ‘ரேக்ஸ்’, வடமொழியில் ‘ராஜன்’. கெல்டிக் மட்டும் பழைய ஏகாரத்தை ஈகாரமாக்கிவிடும். அதனால் அயர்லாந்தில் ‘ரீ’, சீசரை எதிர்த்த வெர்கிங்கெட்டோரிக்ஸின் பெயர் இறுதியில் ‘ரிக்ஸ்’. ஜெர்மானியச் சொல் தன் வழியே வந்திருந்தால் அதில் ஈகாரம் இருக்க வழியில்லை. ஆனால் இன்றைய ஜெர்மனின் ‘ரைஹ்’ என்ற சொல்லுக்கு மூலம் ஈகாரத்தோடுதான் இருக்கிறது, மெய்யும் கிரிம் விதிப்படி வன்மையடைந்திருக்கிறது. அரசனின் பெயரையே கெல்டிக்கிடம் வாங்கியவர்கள் அவனுடைய கோட்டையின் பெயரையும் வாங்கியிருப்பார்கள் என்று பலர் கருதுகிறார்கள். நானும் அந்தப் பக்கந்தான்.

ஆகவே நீ ஏறும் ரயிலின் பெயரைப் பிரித்தால், முற்பகுதி குன்றிலிருந்து இறங்குவது, பிற்பகுதி வேலிக்குள் இருக்கும் ஊர். இடையில் வரும் நியூட்டன் நிலையத்தையும் கவனித்துக்கொள்: நியூட்டன் என்பது குடும்பப்பெயராவதற்கு முன் ஓர் ஊர்ப்பெயர், ‘புதிய டவுன்’. அங்கிருந்து கிளம்பும் டனர்ன் ரோட்டின் பெயர், ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் உச்சியில் பழங்கோட்டையின் எச்சம் உள்ள ஒரு குன்றுக்கும் உண்டு. அதன் முதல் அசை நம் டூனோம்.

கேள்வி: லண்டன் என்பதிலும் ‘டன்’ இருக்கிறதே? டோவர் எம்ஆர்டி நிலையத்தின் பெயரும் இதே வகைதானா?
— கிளமெண்டி வாசகர்

பதில்: லண்டன் இல்லை. ரோமானியர் அதை ‘லோண்டினியும்’ என்றே எழுதினார்கள்; டூனும் என்ற ஈறு அங்கே ஒருபோதும் இல்லை. டோவர் கெல்டிக்தான், ஆனால் கோட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீர் என்று பொருள்படும் வேறொரு சொல் அது. வேல்ஸ் மொழியில் இன்றும் தண்ணீர் ‘டூர்’.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் குழுவில் ஒரு பெரியவர், டூனோம் என்பது நம் ‘தூண்’ என்ற சொல்தான் என்றும், கோட்டைக்குத் தூண் வேண்டுமல்லவா என்றும் அடித்துச் சொல்கிறார். மேலும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் பழைய பெயர் ‘சிங்கிடூனும்’ என்றும், அது சிங்கபுரத்தின் மறுபெயரே என்றும் சொல்கிறார். வயதில் மூத்தவர், மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது. தாங்கள் எழுதினால் நாளிதழில் வந்ததுபோல் காட்டிவிடுவேன்.
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: மாத இதழில் வந்தது என்றே காட்டுங்கள், ஐயா, அவரிடம் என் வணக்கத்தையும் சொல்லுங்கள். தமிழ்மீது உள்ள பற்றில் பேசுகிறவரை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் பற்று ஒரு சான்றாகாது.

தூணும் டூனோமும் காதுக்கு ஒத்திருக்கின்றன; ஒரேயொரு சோடியாக. முதற்கேள்விக்கு விடை எழுதும்போது முழங்காலையும் நாயையும் முதுகையும் சாட்சிக்கு அழைத்தேன் அல்லவா? அப்படி ஒரு வரிசையைப் பெரியவரும் தர வேண்டும்: தமிழ்ச் சொற்களின் தொடக்கத் தகரத்துக்கு நேராகக் கெல்டிக்கில் டகரம் வரும் நான்கைந்து சொற்கள், பொருளும் பொருந்த. அது இல்லாதவரை ஒலி ஒப்புமை வெறும் தற்செயலே. பாரசீகத்தில் ‘பத்’ என்றால் கெட்டது; ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றாலும் கெட்டது; இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. மாறாக, உண்மையான உறவினர் முகம் தெரியாத அளவுக்கு மாறியிருப்பார்கள். வடமொழியின் ‘பஞ்ச’, லத்தீனின் ‘குயின்க்வே’, அயர்லாந்தின் ‘கூயிக்’, வேல்ஸின் ‘பிம்ப்’ ஆகிய நான்கும் ஐந்து என்னும் எண்ணுக்கு ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள். பார்த்தால் யார் நம்புவார்?

தமிழும் அதன் உடன்பிறப்புகளும் தனிக்குடும்பம் என்பதை 1816-இல் எல்லிஸும், விரிவாக 1856-இல் கால்டுவெல்லும் நிறுவினார்கள். இதில் ஒரு தற்செயல் எனக்குப் பிடிக்கும்: கெல்டிக் மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் துறைக்கு அடித்தளமிட்ட யோஹான் ஸோய்ஸின் இலக்கண நூல் வெளிவந்தது 1853-இல், மூன்றே ஆண்டு இடைவெளி. அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்த கால்டுவெல், டூன் என்று தொடங்கும் ஊர்கள் நிறைந்த நாட்டிலிருந்து வந்துதான் நமக்கு நம் மொழிக் குடும்பத்தை எடுத்துக்காட்டினார். தமிழையும் கெல்டிக்கையும் ஒன்று என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை என்பதைப் பெரியவர் கவனிக்கலாம்.

சிங்கிடூனும் பற்றிய செய்தியில் பாதி சரி. கி.மு. 279-இல் கிரேக்கத்தின் டெல்ஃபிவரை படையெடுத்துப் போய்த் தோற்றுத் திரும்பிய கெல்டிக் கூட்டத்தாருள் ஸ்கோர்டிஸ்கி என்ற இனத்தார், சாவா ஆறு டான்யூபில் கலக்கும் மேட்டில் குடியமர்ந்தார்கள். இன்றைய பெல்கிரேடின் தொடக்கம் அது. பிற்பகுதி நம் டூனோமேதான், ஐயமில்லை. முற்பகுதியான ‘சிங்கி’ ஓர் இனத்தின் பெயர் என்பார் உண்டு, வேறு சொல்வாரும் உண்டு. சிங்கம் என்பார் ஆய்வாளருள் எவரும் இல்லை. நம் சிங்கமோ வடமொழி ‘சிம்ஹ’. சங் நீல உத்தமன் துமாசிக்கில் ஒரு விலங்கைக் கண்டு சிங்கம் என்று கொண்ட கதையை நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள்.

ஆனாலும் பெரியவர் மனம் நோகாதிருக்க, அவர் தேடாத இடத்தில் இருக்கும் ஒன்றை அவருக்குக் கொடுங்கள். சிங்கபுரத்தின் ‘புரம்’ இருக்கிறதே, அதன் மூலமான ‘புர்’ ரிக்வேதத்தில் அரணைக் குறிக்கும் சொல். கிரேக்கத்தின் ‘போலிஸ்’ என்பதும், லித்துவேனிய மொழியில் கோட்டையைக் குறிக்கும் ‘பிலிஸ்’ என்பதும் அதனுடைய உறவினர். ஆக, சொல்லால் உறவில்லாத சிங்கிடூனும், சிங்கபுரம் என்னும் இரண்டு ஊர்களும் கோட்டை என்ற பொருளில் முடிந்து, அந்தப் பொருள் மங்கி ஊர் என்று ஆனவை.

கெல்டிக் நிலச்சொல் ஒன்றுக்குத் தமிழர் அறிந்த உறவினர் வேண்டுமானால், அதுவும் இருக்கிறது. குன்றைக் குறிக்கும் இன்னொரு தொல்கெல்டிக் சொல் ‘ப்ரிக்ஸ்’. அயர்லாந்தில் ‘ப்ரீ’, வேல்ஸில் ‘ப்ரே’. ஜெர்மனில் மலையைக் குறிக்கும் ‘பெர்க்’ அதன் இனம். உயர்ந்தது என்ற அதே வேரிலிருந்து வடமொழியில் கிளைத்தது ‘ப்ருஹத்’. தஞ்சைப் பெருவுடையாரைப் பிரகதீசுவரர் என்று அழைக்கும்போது நம் வாயில் வருவது அதுவே. அயர்லாந்து மக்கள் போற்றும் பிரிஜிட் என்ற பெயருக்கும் ‘உயர்ந்தவள்’ என்றே பொருள்; வடமொழியின் ‘ப்ருஹதீ’யோடு அது எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. பெரியவர் தூணை விட்டுவிட்டு விமானத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என் மகள் நியூசிலாந்தின் டனிடனில் படிக்கிறாள். அதுவும் டன் வகைதானா? அப்படியே, டன்லப் என்பதில் மிஞ்சியிருக்கும் ‘லப்’ என்னவென்றும் சொல்லிவிடுங்கள்.
— தெம்பனிஸ் வாசகி

பதில்: உங்கள் மகள் இருப்பது எடின்பரோவில், அம்மா, பெயரளவில். ஸ்காட்லாந்தின் தலைநகருக்கு அந்நாட்டுக் கெல்டிக் மொழியான கெய்லிக்கில் ‘டூன் எய்டின்’ என்று பெயர், எய்டின் கோட்டை. ஆங்கிலம் பேசியவர்கள் டூனை எடுத்துவிட்டு அதே பொருளில் தங்கள் ‘பர்க்’ என்பதைப் பின்னால் ஒட்டி எடின்பர்க் ஆக்கினார்கள். அந்தப் பர்க், மேலே சொன்ன மலைச்சொல்லின் கூடப்பிறந்தது. கடல் கடந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் புதிய ஊருக்குப் பழைய கெய்லிக் வடிவத்தை வைத்துக்கொண்டார்கள்.

டன்லப் என்பது ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் ஏர்ஷயரில் உள்ள ஊர். அவ்வூர்க்காரர்களின் குடும்பப்பெயராகி, அங்கிருந்து நம் சாலைக்கும், ரப்பர்ச் சக்கரங்களுக்கும் வந்தது. பிற்பகுதிக்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். ஒன்று, ஆற்று வளைவு. மற்றது, சேறு, அப்படியானால் முழுப்பெயர் ‘சேற்றுக்கோட்டை’. பெயர் வைத்தவர் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார். ஆயினும் பக்கத்திலேயே மலாய் மொழியில் எருமை என்று பொருள்படும் கெர்பாவ் ரோடு இருப்பதையும், அந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் எருமைகள் புரண்ட சதுப்பு நிலமாக இருந்ததையும் நினைக்கும்போது, அப்துல் கஃபூர் பள்ளிவாசல் வாசலில் செருப்பை அணிந்துகொண்டே அந்தச் சாலைப் பலகையைப் பார்த்த எனக்கு, இரண்டாவது விளக்கமே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.